தலைப்பிரசவம் வெளிநாட்டில்: செட்டிநாட்டுப் பெண்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க (தொழில் செய்ய) போன காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் கடல் கடந்தார்கள். பிரசவம் ஊரில், தாய்வீட்டில் நடந்தது. இன்று காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பெண்கள் கணவரோடோ, தங்கள் வேலைக்காகவோ சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளை அங்கே, யோசனை சொல்பவர்கள் இங்கே. இரு பக்கமும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

பிரசவத்துக்கு ஊருக்கு வருவதா, அங்கேயே பெறுவதா? எப்போது முடிவெடுக்க வேண்டும்?

20 வார வாக்கில். அந்த நேரத்தில்தான் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் நடக்கும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறதா, இரட்டைக் குழந்தையா, ரத்த அழுத்தம் எப்படி என்பதெல்லாம் தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் மாறாது. நஞ்சு கீழே இருந்தாலோ, அழுத்தம் ஏறியிருந்தாலோ, இன்சுலின் போட வேண்டியிருந்தாலோ இருக்கும் இடத்திலேயே பெறுவதுதான் நல்லது. பாதியில் மருத்துவரை மாற்றுவது அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் பாதிக்கும்.

ஊருக்கு வருவதென்றால் 28 முதல் 32 வாரத்துக்குள் வந்துவிடுங்கள். இங்குள்ள மருத்துவர் உங்களை இரண்டு மூன்று முறையாவது பார்த்திருக்க வேண்டும். வலி எடுத்த பிறகு அறிமுகம் செய்துகொள்வது யாருக்கும் நல்லதல்ல.

பலர் கணக்கில் எடுக்காதது குழந்தையின் பயணம். இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பிறகு அந்த நாட்டு விசா என்று வரிசையாக ஆக வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால், குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற சம்மதப் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். எல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம். உங்கள் பிரசவ விடுப்பு அதற்குப் போதுமா என்று பாருங்கள். பிரிட்டனில் 52 வார விடுப்பு உண்டு, அதில் 39 வாரம் வரைதான் படி. மலேசியாவில் 98 நாள். அமீரகத்தின் தனியார் வேலையில் 60 நாள். அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. 60 நாள் விடுப்பை நம்பி ஊரில் பெற வருவது பெரும்பாலும் சரிப்படாது.

ஊரில் பெற்றால் பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாக ஏதாவது பதிய வேண்டுமா?

வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குப் ‘பிக்மி’ பதிவில் 12 இலக்க எண் தருகிறார்கள். பிறப்பைப் பதியும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள், தனியார் மருத்துவமனையிலும்கூட. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது தெரிவதில்லை. பிரசவ அறையில் படுத்திருக்கும்போது தேடுகிறார்கள். வந்த வாரமே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ ஆதாரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒன்பதாம் மாதம்தான் வளைகாப்பு. அதற்கு வந்துவிட்டு அங்கே திரும்பிப் பெற்றுக்கொள்ளலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வாரத்தில் எண்ணுகிறார், வீட்டில் மாதத்தில் எண்ணுகிறோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள். அந்தக் கணக்கில் ஏழாம் மாதம் ஏறத்தாழ 26 வாரம் முடிந்து தொடங்கும். ஒன்பதாம் மாதம் 35 வாரத்தில்தான் பிறக்கும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரைக்கும், இரட்டை என்றால் 32 வாரம் வரைக்கும்தான் ஏற்றுகின்றன. ஒன்பதாம் மாத வளைகாப்பு முடித்துத் திரும்ப உங்களுக்கு ஒரு வாரம்கூட இருக்காது.

ஊரில் வளையல் போட்டுத் திரும்ப வேண்டுமானால் ஏழாம் மாதத்தில் வையுங்கள்; ஒற்றைப்படை மாதம்தானே, பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி வளையலை மட்டும் பிரசவத்துக்குப் போகும் முன் கழற்றிவிடுங்கள். அவசரத்தில் சிசேரியன் என்றால் கையில் ஊசி ஏற்றுவதற்கும் மற்றதற்கும் அது இடைஞ்சல்.

விமானத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

28 வாரம் தாண்டினால் மருத்துவர் கடிதம் கேட்பார்கள். அதில் எத்தனை குழந்தை, பிரசவத் தேதி, பயணம் செய்யத் தகுதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கடிதம் எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; டிக்கெட் போடும்போதே கேளுங்கள். திரும்பும் தேதிக்கும் அதே விதிதான்.

கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் காலில் ரத்தக்கட்டு வரும் அபாயம் உண்டு. நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், அழுத்தக் காலுறை போடுங்கள். பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து வருபவர்கள் திருச்சிக்கு நேராக வருவது நல்லது. சென்னையில் இறங்கி இரவெல்லாம் காரில் உட்கார்ந்து வருவதை விட, திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக வருவது எவ்வளவோ மேல்.

முதலில் யாரிடம் போவது? இங்கே போல நேரே மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாமா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் உங்களைப் பார்ப்பது மிட்வைஃப், அதாவது பயிற்சி பெற்ற பிரசவச் செவிலியர். சிக்கல் இருந்தால்தான் மருத்துவர். 10 வாரத்துக்குள் முதல் பதிவுச் சந்திப்பு நடக்க வேண்டும். தலைப்பிரசவம் என்றால் ஏறத்தாழ 10 சந்திப்புகள், பொதுவாக இரண்டே ஸ்கேன். “மாதா மாதம் ஸ்கேன் எடுக்கவில்லையே, கவனிக்கவில்லையோ” என்று ஊரில் பதறுவார்கள். அது கவனக்குறைவு இல்லை, அங்குள்ள முறை. கர்ப்ப காலத்திலும் பிறகு 12 மாதமும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான அட்டையை மிட்வைஃபிடம் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் காப்பீட்டில்தான் தொடக்கம். மருத்துவர், மருத்துவமனை, மயக்க மருந்து கொடுப்பவர் மூவரும் உங்கள் காப்பீடு ஏற்கும் பட்டியலில் (நெட்வொர்க்) இருக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். குழந்தை பிறந்த 30 நாளுக்குள் அதன் பெயரை நிறுவனக் காப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும். தவறினால் அடுத்த பதிவுக் காலம் வரை காத்திருக்க நேரும்.

அமீரகம் என்றால் திருமணச் சான்றிதழை இப்போதே தேடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். வீட்டிலோ கோயிலிலோ நடந்த திருமணத்தைச் சார்பதிவாளரிடம் பதியாமல் விட்டிருந்தால் முதலில் பதிய வேண்டும். பிறகு தமிழ்நாடு அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று சான்றொப்பங்கள். குழந்தைக்கு 120 நாளுக்குள் வசிப்பு விசாவும் எடுக்க வேண்டும்.

கணவர் அத்தை மகன். அதை அங்கே சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். “குழந்தையின் தந்தை உங்களுக்கு ரத்த உறவா” என்று படிவத்திலேயே கேட்பார்கள். குறை சொல்வதற்காகக் கேட்பதில்லை. இருவருக்கும் ஒரே மரபணுக் குறை மறைவாக இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுதல். தலசீமியா போன்றவற்றுக்கு இருவர் ரத்தத்தையும் சீக்கிரம் பார்க்க அந்தத் தகவல் உதவும். வீட்டில் சிறு வயதில் இறந்த குழந்தை, காது கேளாதவர், தசை நோய் உள்ளவர் யாராவது உண்டா என்று அப்பத்தாவிடமும் அம்மாவைப் பெற்ற ஆயாவிடமும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்திப்பில் கணவரை வெளியே இருக்கச் சொல்லி உங்களிடம் தனியாகப் பேசுவார்கள். வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்விதான் அது. கணவர்மார் மனம் வருந்த வேண்டாம்.

அங்குள்ள ரிப்போர்ட் எண்கள் இங்கே யாருக்கும் புரிவதில்லையே?

பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூரில் சர்க்கரையை மில்லிமோலில் எழுதுகிறார்கள். 18 ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு வரும். 5.1 என்றால் 92. பிரிட்டனில் ஹீமோகுளோபின் 105 என்று இருந்தால் நம்முடைய 10.5. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் என்பது 38 செல்சியஸ்.

இவற்றைவிட ஆபத்தானது தேதி. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 06/08 என்பது அங்கே ஜூன் 8, இங்கே ஆகஸ்ட் 6. பிரசவத் தேதியில் இரண்டு மாதம் மாறிவிடும். ஊருக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மாதத்தை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாத ஸ்கேனை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரசவத் தேதியைச் சரியாகச் சொல்வது அதுதான், பிந்தைய ஸ்கேன்களில் தேதி தள்ளாடும்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்கப் போடும் ஆன்டி-டி ஊசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதும் வேண்டும். வழக்கமாக 28 வார வாக்கில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

எனக்குச் சர்க்கரையே கிடையாது. ஏன் இந்தச் சோதனைக்கு இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வருகிறது, ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை, 24 வாரத்துக்குப் பிறகு அது கூடும். அதனால்தான் 24–28 வாரத்தில் சோதனை.

முறை மட்டும் இடத்துக்கு இடம் வேறு. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் 50 கிராம், சாப்பிட்டிருந்தாலும் சரி. அதில் கூடினால் 100 கிராம் குடித்து மூன்று மணி நேரச் சோதனை. தமிழ்நாட்டில் மருத்துவர் வி. சேஷய்யா முன்வைத்த முறை: சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம், இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது மேல் என்றால் சர்க்கரை. குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் முடிவு செல்லாது, வேறொரு நாள் மீண்டும் செய்ய வேண்டும்.

இருப்பதாகத் தெரிந்தால் பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ். இங்குதான் நம் பலகாரங்கள் குறுக்கே வருகின்றன. பலருக்குக் காலையில்தான் சர்க்கரை வேகமாக ஏறும். நாமோ காலையில்தான் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வெள்ளைப் பணியாரமும் வைத்துக்கொள்கிறோம். கவுனி அரிசி நல்லதுதான், ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிளறியதும் அது இனிப்புப் பண்டம். உப்புப் போட்ட கஞ்சியாக்கிக் குடியுங்கள். கருப்பட்டி ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே ஏறும். அதற்குத் தனிச் சலுகை இல்லை.

காலையில் இட்லி இரண்டு, கூடவே முட்டையோ சுண்டலோ. மதியம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கூட்டு, பொரியல், பருப்பு, மீன். சாப்பிட்டதும் 10–15 நிமிடம் நடை. ஒன்று இரண்டு வாரம் இப்படிச் செய்தும் எண் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். இன்சுலின் குழந்தைக்குப் போகாது, பயப்பட வேண்டியதில்லை.

ஈரல் சாப்பிடாதே என்கிறார்கள். ரத்தம் ஊற ஈரல்தானே கொடுப்போம்? சுறாப் புட்டு?

ஈரலில் விலங்கு வகை வைட்டமின் ஏ மிகுதி. அளவு மீறினால் வளரும் கருவைப் பாதிக்கும். பிரிட்டனில் கர்ப்பிணிகளை ஈரலை முழுக்கத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சுவரொட்டிக்கு, அதாவது ஆட்டு மண்ணீரலுக்கு, இந்தச் சிக்கல் இல்லை, நன்றாக வெந்திருந்தால் போதும். இரும்பு மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள்; இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, ஆரஞ்சுச் சாறோடு போடுங்கள். நாளைக்குக் காஃபின் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். திக்கான டிகாஷன் என்றால் ஒரு வேளையோடு நிறுத்துவது நல்லது.

சுறா வேண்டாம், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும். பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். பெரிய மீன் சிறியவற்றைத் தின்று பல ஆண்டு வாழ்வதால் பாதரசம் அதில் சேர்கிறது. அதே மசாலாவில் மத்தி, நெத்திலி போட்டுப் புட்டு செய்யுங்கள்.

பழுத்த பப்பாளி தின்னலாம், காய்தான் கூடாது. குங்குமப்பூ நிறத்தை மாற்றாது.

எந்த அறிகுறிக்கு உடனே கூப்பிட வேண்டும்?

ரத்தப்போக்கு, நீர்க் கசிவு, 38 டிகிரி காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல். தலைப்பிரசவத்தில் அசைவு 20 வார வாக்கில் தெரியும். 24 வாரத்திலும் தெரியாவிட்டால் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாளம் உண்டு. அது மாறினால் காலை வரை காத்திருக்காதீர்கள். “ஒன்பதாம் மாதம் அசைவு குறையும்” என்று ஊரில் சொல்வது தவறு.

தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் திடீரென வீங்குவது: இவை ரத்த அழுத்தத்தின் அறிகுறிகள். 140/90 தாண்டினாலே சொல்லுங்கள்.

நம்மவர்கள் சூடு என்று விட்டுவிடுவது அரிப்பு. உள்ளங்கையிலும் பாதத்திலும், இரவில் அதிகமாக, தடிப்பே இல்லாமல் அரித்தால் ஈரலில் பித்தநீர் தேங்கியிருக்கலாம். இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. எண்ணெய் தேய்த்துச் சமாளிக்காமல் பித்த அமில ரத்தச் சோதனை கேளுங்கள்.

பிரசவ வலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். அவசர எண்: சிங்கப்பூர் 995, மலேசியா, பிரிட்டன் 999, அமீரகம் 998, அமெரிக்கா 911. “கர்ப்பிணி, இத்தனை வாரம், என்ன நடக்கிறது, முகவரி” என்ற வரிசையில் சொல்லப் பழகுங்கள். மொழி தடங்கினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் தொலைபேசியில் தமிழ் கிடைக்கும்.

அங்கே ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் சொல்லலாமா?

உங்கள் விருப்பம். இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேனில் பாலினத்தைச் சொல்வது குற்றம். ஆகவே இங்கே ஸ்கேன் எடுக்கும்போது அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஆத்தா எப்போது வந்து சேர்வது நல்லது? என்ன கொண்டுவரலாம்?

தலைப்பிள்ளை தேதியில் பிறப்பது அரிது. இரண்டு வாரம் முன்னும் பின்னும் போகும். விசா நாள் குறைவென்றால் 39 ஆம் வாரத்தை ஒட்டி வரட்டும். குழந்தை பிறந்து கணவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் உதவி அதிகம் தேவைப்படும்; அந்த வாரங்கள் கையில் இருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்க வருவதாக உள்ளதைச் சொல்லுங்கள். வேலைக்கு வருவதாகப் பொருள்படும்படி எழுதாதீர்கள். அவருக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு அவசியம்.

பூண்டு, சுக்கு, மிளகு, பெருங்காயம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். எந்த உணவுப் பொருளானாலும் படிவத்தில் எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் மறைத்தால் அபராதம். பெயர்ச்சீட்டு இல்லாத பிரசவ லேகியம், பஸ்பம் சேர்ந்த மருந்து வேண்டாம். சிலவற்றில் ஈயம், பாதரசம் இருந்து, பால் வழியாகக் குழந்தைக்குப் போகும்.

பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது என்பார்களே?

இரண்டும் தீங்கு. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ரத்தக்கட்டு அபாயம் அதிகம், சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் அதிகம். அன்றே எழுப்பி நடக்க வைப்பது அதற்காகத்தான். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வந்து தையல் வலிக்கும். பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் தாராளமாகத் தரலாம். காய்கறியையும் பழத்தையும் நிறுத்தாதீர்கள்.

சேனை வைப்பது (பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பது), எண்ணெய்க் குளியல், சாம்பிராணி?

சேனைக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு வயது வரை தேனில் உள்ள நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடலைத் துவள வைக்கும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். பெரியவர் கையால் வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், சுத்தமான விரலில் தாயின் சீம்பாலைத் தொட்டு வையுங்கள்.

உடம்புக்கு எண்ணெய் தடவலாம். மூக்கிலும் காதிலும் விடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. கண்மையில் ஈயம் இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குக் கெடுதல். அடுக்குமாடியில் புகை மணி அடித்துத் தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும். தலையைத் துண்டால் ஒற்றி உலர்த்தினால் போதும். குளிர் நாட்டில், கறுத்த தோலுக்கு வெயில் போதாது; பிரிட்டனில் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொல்கிறார்கள்.

குழந்தை பிறந்து அழுதுகொண்டே இருக்கிறாள் எங்கள் மகள். திருஷ்டியா?

முதல் பத்து நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லையென்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்து உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவையும் உண்டு. செவிலியர் 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவம் தருவார், தமிழிலும் இருக்கிறது. உண்மையை எழுதச் சொல்லுங்கள். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். உதவி கிடைக்காமல் போவது அதனால்தான். குழந்தைக்கோ தனக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால், இல்லாத குரல் கேட்டால், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அங்கே பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை? பெயரை எப்படி எழுதுவது?

முதலில் அந்த நாட்டில் பிறப்பைப் பதிய வேண்டும். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 42 நாள் கெடு. பிறகு, இந்தியக் குடியுரிமை வேண்டுமானால் பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தையிடம் இல்லை என்ற உறுதிமொழியும் தர வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் உள்ள விதி இது. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும்.

பெயரில்தான் நம் வீடுகளுக்குத் தனித் தொல்லை. மூன்று நான்கு எழுத்து விலாசத்தை (பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்துகளை) வெளிநாட்டுப் படிவத்தில் எழுதினால், எழுத்துகளே குடும்பப் பெயராகப் பதிந்துவிடும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதையே குழந்தைக்கும் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அப்பாவின் முழுப் பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். ஐயா (தாத்தா) பெயரையோ ஆயா பெயரையோ குழந்தைக்குச் சூட்டுவதாக இருந்தால், அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பிரசவத்துக்கு முன்பே இரு வீட்டாரும் பேசித் தாளில் எழுதி, மருத்துவமனைப் பையில் வைத்துவிடுங்கள்.